துப்பாக்கிக் கடை திறக்க எந்த உரிமம்? அமெரிக்காவில் வணிகம் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் துப்பாக்கிச் சில்லறை வணிகம் தொடங்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் கட்டணப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் ஏடிஎஃப் என்னும் கூட்டாட்சி முகமை வழங்கும் உரிமங்களுக்கு வகை எண்கள் உண்டு. விற்பனையாளருக்கான 01ஆம் வகைக்கு மூன்று ஆண்டுகளுக்கு 200 டாலர், புதுப்பிக்க 90 டாலர். அடகுக் கடைக்கான 02ஆம் வகைக்கும் அதே தொகைதான். உற்பத்தியாளருக்கான 07ஆம் வகைக்கு முதலிலும் புதுப்பிக்கும்போதும் 150 டாலர். உற்பத்தியாளர் தாம் செய்ததை மட்டுமன்றிப் பிறர் செய்த துப்பாக்கிகளையும் விற்கலாம் என்பதால், குறைந்த கட்டணத்தில் கூடுதல் உரிமை கிடைக்கும்போது 07ஐ விட்டுவிட்டு 01ஐ ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. மூன்று ஆண்டு வணிகத்தில் ஐம்பது டாலர் ஒரு பொருட்டே இல்லை. எந்த உரிமம் எந்தப் பதிவேட்டையும், எந்த வரியையும், எந்த முகவரியையும் கூடவே இழுத்துவருகிறது என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். 30 டாலருக்குக் கிடைக்கும் 03ஆம் வகை, பழம்பொருளாக மதிக்கப்படும் துப்பாக்கிகளைச் சேகரிப்பவருக்கானது. அதை வைத்துக்கொண்டு வணிகம் செய்ய முடியாது. அதேபோல், சொந்தச் சேகரிப்புக்கு மொத்த விலையில் வாங்குவதற்காக 01ஆம் வகையைக் கேட்பதும் பலிக்காது. முதன்மையாக லாபம் ஈட்டும் நோக்கில் தொடர்ந்து வாங்கி விற்பவரையே சட்டம் வணிகராகக் கருதுகிறது. 2022இல் வந்த இருகட்சிப் பாதுகாப்பான சமூகங்கள் சட்டம் இந்த வரையறையின் சொற்களை மாற்றியது. வணிக எண்ணம் இல்லாதவருக்கு உரிமம் இல்லை என்ற அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

விண்ணப்பிக்கும் தகுதியில் எந்த வகைக்கும் வேறுபாடு கிடையாது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் முக்கியமான செய்தி எதையும் வேண்டுமென்றே மறைத்திருக்கக் கூடாது. நிறுவனமாக விண்ணப்பித்தால், அதன் போக்கைத் தீர்மானிக்கும் அதிகாரமுள்ள ஒவ்வொருவரும் ‘பொறுப்புடையவர்’ என்ற நிலையில் கைரேகை அட்டையும் புகைப்படமும் தர வேண்டும். அவர்களுள் ஒருவர் தகுதியற்றவரானாலும் விண்ணப்பம் முழுவதும் நின்றுவிடும் என்பதால், மரியாதைக்காகவோ உறவுக்காகவோ யாரையும் இயக்குநராகச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. ஹெச்-1பி போன்ற, நிரந்தரக் குடியேற்றம் சாராத விசாவில் நுழைந்தவருக்கு, வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விதிவிலக்குகள் நீங்கலாக, துப்பாக்கி வைத்திருப்பதற்கே தடை உண்டு. கிரீன் கார்டு பெற்றவரை இந்தத் தடை தொடாது. ஆகவே கூட்டாளிகளின் குடியேற்ற நிலையைக் கூட்டு ஒப்பந்தம் எழுதுமுன்பே பார்த்துவிட வேண்டும்.

முகவரி: வீடா, கடையா

உரிமம் ஆளுக்கு மட்டுமன்றி இடத்துக்கும் சேர்த்தே தரப்படுகிறது. ஒவ்வொரு வணிக இடத்துக்கும் தனி உரிமம் வேண்டும். சரக்கை வைத்திருக்க மட்டும் பயன்படும் கிடங்குக்கு அது தேவையில்லை. எனவே 01ஆ 07ஆ என்று யோசிப்பதற்கு முன்னால், வீட்டிலிருந்து நடத்துவதா, கடை பிடிப்பதா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். என் பார்வையில் இந்த வணிகத்தின் மிகக் கடினமான முடிவு இதுதான்.

வீட்டு முகவரியில் உரிமம் தரவே மாட்டார்கள் என்று பலர் சொல்லக் கேட்கலாம். அது சரியல்ல, அப்படி உரிமம் பெற்றவர்கள் ஏராளம். இடர்ப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டாட்சி விதிகளில் ‘வணிக இடம்’ என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறை, எந்தப் பகுதியும் பொதுமக்களுக்குத் திறந்திராத தனி வீட்டை வணிக இடமாக ஏற்பதில்லை. ஆக, வீட்டின் ஓர் அறையாவது வாடிக்கையாளர் வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும். ஆனால் ஸோனிங் எனப்படும் நிலப்பயன்பாட்டு மண்டல விதிகளில், குடியிருப்புப் பகுதியில் வீட்டுத்தொழிலை அனுமதிக்கும் பல ஊராட்சிகள், வாடிக்கையாளர் வீட்டுக்கு வரக் கூடாது, பெயர்ப்பலகை வைக்கக் கூடாது, சரக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகின்றன. கூட்டாட்சி திறக்கச் சொல்லும் கதவை உள்ளூர் மூடச் சொல்கிறது. இந்த முரண் தீராத முகவரிக்கு உரிமம் கிடைக்காது. ஏனென்றால் உத்தேச வணிகம் அந்த இடத்தில் மாநில, உள்ளூர்ச் சட்டங்களுக்கு முரணானதல்ல என்றும், உரிமம் கிடைத்த 30 நாளுக்குள் அச்சட்டங்களின் தேவைகளை நிறைவு செய்வேன் என்றும், அவற்றை நிறைவு செய்யும்வரை வணிகத்தைத் தொடங்க மாட்டேன் என்றும் விண்ணப்பதாரர் உறுதி அளித்தாக வேண்டும். மண்டல விதி அலுவலகத்தின் பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருப்பவருக்கு விசாரணை அதிகாரியின் முன் பாதி வேலை முடிந்துவிடும்.

வாடகை வீட்டுக்காரருக்கு உரிமையாளரின் சம்மதமும், சொந்த வீட்டுக்காரருக்குக் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளும் கூடுதல் கவலை. இவற்றையெல்லாம் கடந்து வீட்டில் நடத்தினால் வாடகை மிச்சம். இணையத்தில் வேறு மாநிலத்தில் வாங்கியவர் தம் துப்பாக்கியைப் பெற்றுக்கொள்ள உள்ளூர் உரிமதாரரைத்தான் நாட வேண்டும் என்பதால், சரக்கு எதுவும் வாங்கி வைக்காமல் இத்தகைய கைமாற்றத்துக்கான கட்டணத்தை மட்டுமே நம்பித் தொடங்கவும் முடியும். சிறிய முதலீட்டில் பதிவேட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஈடாக, ஆய்வாளர் வருவது உங்கள் வீட்டுக்கு. 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டப்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் நடத்தும் வழக்கமான பதிவேட்டு ஆய்வு 12 மாதத்தில் ஒருமுறைக்கு மேல் கூடாது. அந்த ஒருமுறை முன்னறிவிப்பின்றி வரலாம். நீங்கள் விண்ணப்பத்தில் குறித்த வணிக நேரத்தில் வரலாம். பகலில் வேறு வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தை யோசித்தே குறிக்க வேண்டும்.

கடை பிடித்தால் மண்டலச் சிக்கல் பெரும்பாலும் வணிகப் பகுதியிலேயே தீர்ந்துவிடும். பள்ளியிலிருந்தோ வழிபாட்டிடத்திலிருந்தோ இவ்வளவு தொலைவு என்று வரையறுக்கும் ஊர்களில் மட்டும் வரைபடத்தோடு உட்கார வேண்டும். ஆனால் விண்ணப்பம் முடியும் முன்பே இடத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், வருவாய் இல்லாத மாதங்களுக்கும் வாடகை ஓடும். முழுமையாக நிரப்பிய விண்ணப்பத்தின் மீது 60 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘முழுமையாக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கைரேகை தெளிவில்லை, ஒரு பொறுப்புடையவரின் பக்கம் விடுபட்டிருக்கிறது என்று திரும்பி வந்தால் அந்தக் காலக்கெடு உங்களைக் காப்பாற்றாது.

விற்பனை, அடகு, உற்பத்தி

01ஆம் வகையின் பலம் அதன் எளிமை. புதியதும் பழையதும் விற்கலாம், பழுது பார்க்கலாம், உரிமம் உள்ள மாநிலத்துக்குள் நடக்கும் துப்பாக்கிச் சந்தைகளில் கடை விரிக்கலாம். தோட்டாவைச் சில்லறையாக விற்கத் தனிக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்பதற்குத்தான் 06ஆம் வகை வேண்டும். இதன் பாரம் பதிவேட்டில் இருக்கிறது. தொழிலில் ‘பவுண்ட் புக்’ என்று சொல்லப்படும் வரவு, விற்பனைப் பேரேட்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் வரிசை எண்ணோடு ஏற வேண்டும். வாங்குபவர் 4473ஆம் படிவத்தை நிரப்ப வேண்டும். எஃப்பிஐ 1998 நவம்பர் முதல் நடத்திவரும் நிக்ஸ் அமைப்பின் வழியாகவோ மாநில அமைப்பின் வழியாகவோ பின்னணிச் சோதனை நடக்க வேண்டும். முன்பு 4473ஐ இருபது ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். 2022 ஆகஸ்ட் முதல் வணிகம் நடக்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஐந்து தொடர் வணிக நாள்களுக்குள் ஒரே ஆள் இரண்டு கைத்துப்பாக்கிகளை வாங்கினால் தனி அறிக்கை. சரக்கு திருடு போனாலோ காணாமல் போனாலோ 48 மணி நேரத்துக்குள் அறிக்கை. குற்றம் ஒன்றில் சிக்கிய துப்பாக்கியின் தடத்தைக் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் பதில். இவை எல்லா வகைகளுக்கும் பொது. மற்ற வகைகள் இதன்மேல் எதைச் சேர்க்கின்றன என்பதே வேறுபாடு.

02ஆம் வகை, 01இன் எல்லா உரிமைகளையும் தந்து, துப்பாக்கியை ஈடாக வாங்கிக் கடன் கொடுக்கும் உரிமையையும் சேர்க்கிறது. பார்வைக்கு இது இலவச இணைப்பு. ஆனால் பழுது பார்ப்பதையும் அடகு பிடிப்பதையும் சட்டம் நடத்தும் விதத்தைப் பாருங்கள். பழுதுக்கு விட்ட துப்பாக்கியை உரியவரிடமே திருப்பித் தரும்போது 4473 தேவையில்லை. இரவு கடையில் தங்கினால் பேரேட்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவே. அடகு வைத்தவர் மீட்க வரும்போதோ, அது அவருடைய சொந்தத் துப்பாக்கியாகவே இருந்தாலும், படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. கடன் வாங்கிய காலத்தில் அவர் தடைக்கு ஆளாகியிருந்தால் பணத்தைக் கட்டினாலும் பொருளைத் தர முடியாது. அந்த வாக்குவாதம் உங்கள் கவுண்டரில்தான் நடக்கும். அடகுக்கு வாங்கும்போதே சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது என்பது ஓரளவு ஆறுதல். இதற்குமேல் மாநிலத்தின் அடகுத் தொழில் உரிமமும் வட்டி வரம்பும் இருக்கின்றன. ஏற்கெனவே அடகுக் கடை நடத்துபவருக்கு மட்டுமே இந்த வகையைப் பரிந்துரைப்பேன். துப்பாக்கிக் கடைக்காரர் ‘இதுவும் இருக்கட்டும்’ என்று எடுக்க வேண்டிய உரிமம் அன்று.

07ஆம் வகையை நாடுபவர்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் உண்மையிலேயே உற்பத்தி செய்பவர்கள். வெற்று உடற்பாகத்தை வாங்கி, குழலும் மற்ற உறுப்புகளும் பூட்டி, முழுத் துப்பாக்கியாக விற்பதும் உற்பத்திதான். இதை 01ஐ வைத்துக்கொண்டு தொடர்ந்து செய்பவர் விதிமீறலில் நிற்கிறார். அவர்களுக்கு 07 தவிர வேறு வழியில்லை. மறு சாரார், கூடுதல் உரிமை கையில் இருக்கட்டும் என்று எடுப்பவர்கள். அவர்கள் கணக்கில் விடுபடுபவை மூன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 1க்குள் உற்பத்தி அறிக்கை அனுப்ப வேண்டும், ஒன்றுகூடச் செய்யாவிட்டாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும். ஓர் ஆண்டில் ஐம்பது அல்லது அதற்கு மேல் உற்பத்தி செய்தால் கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும் மற்றவற்றுக்கு 11 சதவீதமும் கூட்டாட்சி ஆயத்தீர்வை கட்ட வேண்டும். ஐம்பதுக்குக் குறைந்தால் விலக்கு. மூன்றாவதாக, உற்பத்தி என்றதும் உள்ளூர் மண்டல விதி வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கும். சில்லறை விற்பனைக்கு இசைந்த அதே கடைத்தெரு, பட்டறைக்கு இசையாமல் போகலாம். வீட்டு முகவரியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது.

ஒலியடக்கி விற்க விரும்பினால்

சைலன்சர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் ஒலியடக்கியும், குட்டைக் குழல் துப்பாக்கிகளும், இயந்திரத் துப்பாக்கிகளும் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருகின்றன. இவற்றை விற்க, உரிமத்தோடு எஸ்ஓடி எனப்படும் சிறப்புத் தொழில் வரியையும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். 01க்கு இது மூன்றாம் வகுப்பு, 500 டாலர். 07க்கு இரண்டாம் வகுப்பு, 1,000 டாலர். மொத்த வரவு ஐந்து லட்சம் டாலருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனத்துக்கு அதுவும் 500தான். இங்கேதான் 07இன் கவர்ச்சி உச்சத்துக்குப் போகிறது. அதே 500 டாலரில் விற்கவும் செய்யலாம், ஒலியடக்கியைத் தாமே தயாரிக்கவும் செய்யலாம்.

இந்தக் கணக்கை உடைப்பது வெளியுறவுத் துறை. 2020 மார்ச்சில் பெரும்பாலான சாதாரணத் துப்பாக்கிகள் அத்துறையின் படைக்கலப் பட்டியலிலிருந்து நீங்கி வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டன. அவற்றை மட்டும் தயாரிப்பவருக்குப் பழைய பதிவுக் கட்டணச் சுமை இல்லை. ஒலியடக்கியும் இயந்திரத் துப்பாக்கியும் பழைய பட்டியலிலேயே தங்கிவிட்டன. இவற்றைத் தயாரிப்பவர், ஒன்றைக்கூட ஏற்றுமதி செய்யாவிட்டாலும், வெளியுறவுத் துறையில் பதிந்து ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். 2025 ஜனவரியில் அந்தக் கட்டணத்தின் அடிப்படை அடுக்கு 2,250லிருந்து 3,000 டாலரானது. 150 டாலர் உரிமம் என்று தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். விற்க மட்டும் விரும்புபவருக்கு 01உம் மூன்றாம் வகுப்பு வரியும் போதும், வெளியுறவுத் துறைப் பதிவு தேவைப்படாது.

வரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. மே மாதம் கட்டினாலும் முழுத் தொகைதான், மாதக் கணக்கில் குறைப்பதில்லை. உரிமம் வசந்தத்தில் கைக்கு வந்தால் ஜூலைவரை பொறுத்திருப்பது சிக்கனம். அந்த இடைவெளியில் சாதாரணத் துப்பாக்கி விற்பனையில் கை பழகியிருக்கும். 2026 ஜனவரி 1 முதல் ஒலியடக்கிக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் வாங்குபவர் கட்டிவந்த 200 டாலர் கைமாற்று வரி பூஜ்யமாகிவிட்டது. பதிவும் ஒப்புதலுக்கான விண்ணப்பமும் அப்படியே இருக்கின்றன. வரி நீங்கியதால் கடைக்காரர் கட்டும் எஸ்ஓடியும் நீங்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

நடக்கும் கடையை வாங்குவது

ஓய்வு பெறும் கடைக்காரரிடமிருந்து வணிகத்தை வாங்கிவிட்டால் உரிமமும் சேர்ந்து வந்துவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. உரிமத்தை விற்க முடியாது. சரக்கையும் பெயரையும் இடத்தையும் வாங்குபவர், புதியவரைப் போலவே விண்ணப்பித்துத் தம் உரிமத்தைப் பெற வேண்டும். நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் நிலைமை வேறு. கட்டுப்பாடு கைமாறியதை 30 நாளுக்குள் அறிவித்தால், ஏற்கெனவே உள்ள உரிமம் அதன் காலம் முடியும்வரை செல்லும். புதிய பொறுப்புடையவர்கள் மட்டும் சோதனைக்கு உட்படுவார்கள். கடையை ஒரு நாள்கூட மூட வேண்டாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி.

ஆனால் பங்கை வாங்குபவர் பழைய பேரேட்டையும் அதிலுள்ள பிழைகளையும் சேர்த்தே வாங்குகிறார். விற்றதாக எழுதப்படாத துப்பாக்கி, கையொப்பம் இல்லாத 4473, வந்ததாக எழுதப்பட்டு அலமாரியில் இல்லாத வரிசை எண் எல்லாம் அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் நிற்கும். ஆய்வாளருக்கு அது நேற்று யாருடையது என்பது பெரிதில்லை. சிறு பிழைக்கும் உரிமத்தைப் பறிக்க முனைந்த, 2021இல் தொடங்கிய கடுமையான நடைமுறை 2025 ஏப்ரலில் கைவிடப்பட்டது என்றாலும், வேண்டுமென்றே செய்த மீறலுக்கு உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே, பங்குகளை வாங்குமுன் பேரேட்டை வரி வரியாகச் சரக்கோடு ஒத்துப் பார்க்க விற்பவர் இடம் தராவிட்டால், சரக்கை மட்டும் வாங்கிக்கொண்டு புதிய உரிமத்துக்குக் காத்திருப்பதே மேல். முந்தையவரின் பதிவேடுகளை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவற்றை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப்பின் தடமறியும் மையத்துக்கு அனுப்பிவிடலாம்.

மாநிலத்தின் கை

கூட்டாட்சி உரிமம் மாநில எல்லையைத் தாண்டியும் ஒன்றுபோலவே இருக்கிறது. மாநிலங்கள் அப்படி இல்லை. டெக்சாஸில் துப்பாக்கி விற்பனைக்கென்று மாநில உரிமமே கிடையாது. விற்பனை வரிக்கான பதிவு போன்ற எல்லாக் கடைகளுக்குமான நடைமுறைகளோடு முடிந்துவிடும். பென்சில்வேனியாவில் மாவட்ட ஷெரிஃபிடம் விற்பனை உரிமம் பெற வேண்டும். இலினாய் 2019இல் இயற்றிய சட்டப்படி, மாநிலக் காவல்துறையின் சான்று இல்லாமல் கூட்டாட்சி உரிமத்தைக் கொண்டு விற்க முடியாது. அதற்கான கட்டணத்தின் உச்சவரம்பு சில்லறைக் கடை உள்ளவருக்கு 1,500 டாலர், இல்லாதவருக்கு 300 டாலர். வீடா கடையா என்ற பழைய கேள்வி இங்கே மாநிலக் கட்டணமாகவே திரும்பி வருகிறது. கலிபோர்னியாவில் மாநில நீதித்துறையின் தகுதிச் சான்று, உள்ளூர் உரிமம், மாநிலத்தின் மையப் பட்டியலில் பெயர் என்று அடுக்கடுக்காகப் போக வேண்டும். விற்றபின் பத்து நாள் காத்திருப்பு. 2024 ஜூலை 1 முதல் கடைக்காரர் விற்பனைத் தொகையின் மீது 11 சதவீத மாநிலத் தீர்வையும் செலுத்த வேண்டும். டெக்சாஸில் வீட்டிலிருந்து கைமாற்றக் கட்டணத்தில் பிழைக்கும் சிறு வணிகம், கலிபோர்னியாவில் அதே அளவில் நின்று பிடிப்பது கடினம்.

இத்தனையையும் வைத்துப் பார்க்கையில், முதல்முறை தொடங்குபவருக்கு நான் சொல்வது 01ஆம் வகை. கடை பிடிப்பதென்றால் குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையை எழுதாமல் கையெழுத்திட வேண்டாம்: கூட்டாட்சி உரிமமோ மாநில, உள்ளூர் அனுமதியோ குறித்த நாளுக்குள் கிடைக்காவிட்டால் அபராதமின்றி விலகலாம், முன்பணம் திரும்ப வரும். இதற்கு இசையும் கட்டட உரிமையாளர் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும்வரை தேடலாம், ஏனென்றால் விண்ணப்பத்தில் எழுதும் முகவரி அவருடைய கட்டடம்தான்.